உட்கார்ந்து எடுத்த அளவு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் காலை எட்டரை மணிக்குப் போனால் ஊரின் முழு வேகத்தையும் பார்த்துவிடலாம். தென்னம்பாளையம் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகள், கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள், இவர்களுக்கு நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் பனியன் கம்பெனி வேன்கள். வீரபாண்டி பிரிவில் எல்லாம் ஒருமுறை நின்று, பிறகு நகரும். சின்னக்கரையைத் தாண்டியதும் காற்றின் மணம் மாறுகிறது. சாயமும் நீராவியும் பாய்லருக்கு எரிக்கும் விறகும் கலந்த மணம் அது. அருள்புரம் வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

சாலையோரத்தில் பேக்கரியும் செல்போன் கடையும் இருக்கின்றன. வடக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய பலகைகள் தொங்குகின்றன. உள்ளே திரும்பினால் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரே வாசகம்: ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு அந்த அளவுக்குப் போயிருந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல், உப்புநீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தபோது, அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட இடங்களில் அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் ஒன்று. வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள இந்த ஊரால் முடியும். அந்த நம்பிக்கையில்தான் நாங்களும் வந்தோம்.

என்னை அழைத்து வந்தவர் கோவைப் பக்கத்தில் சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடுகிற இளைஞர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார், நான் தம்பி என்கிறேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒரு காலத்தில் இதே அருள்புரத்தில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது விபத்து, தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கோவையில் மாதக்கணக்கில் சிகிச்சை, பிறகு வீட்டுக்குள்ளேயே நெடுங்காலம், அதன்பின் எங்கோ யாரோ ஆடுவதைப் பார்த்து ராக்கெட். இவ்வளவுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. அந்த விபத்தைப் பற்றிக் கேட்டபோது, "அத விடுங்கண்ணா, டவுசர் மேட்டருக்கு வருவோம்" என்றார்.

டவுசர் விஷயம் இதுதான். கடையில் விற்கும் ஷார்ட்ஸ் எல்லாம் நிற்கிறவருக்கு வெட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அதைப் போட்டால் முன்பக்கம் துணி மடிந்து மடிந்து மடியில் குவியும், பின்பக்கம் கீழே இறங்கி முதுகு தெரியும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உட்காரும் இடத்தில் வரும் தையல்தான் ஆபத்து. தடித்த தையலோ, பின்பாக்கெட்டோ, ஒரு பட்டனோ தோலை அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவருக்கு வலிக்கும், நகர்ந்து உட்காருவார். உணர்வு இல்லாதவருக்கு அது தெரியாது. தோல் சிவந்து, வெடித்து, புண்ணாகி எலும்பு வரை போய்விடும். தம்பிக்கு அப்படி ஒரு புண் வந்து, ஒரு சீசன் முழுக்கக் குப்புறப் படுத்தே கழிந்தது. டென்னிஸில் அவரைத் தோற்கடித்தவர்களைவிட அந்தப் புண்தான் அவரைக் கோர்ட்டுக்கு வெளியே அதிகம் வைத்திருந்திருக்கிறது.

"உலகத்துக்கே டிரெஸ் தெச்சு அனுப்புற ஊருங்கண்ணா. எனக்கு ஒண்ணு தெச்சுத் தர மாட்டாங்களா?"

அவர் காரில்தான் வந்தோம். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கையாலேயே இயக்குகிற மாதிரி மாற்றிய கார். திருப்பூரிலிருந்து அருள்புரத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிறது. ஆனால் அந்தப் படிகளில் நாற்காலி ஏறாது. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. இந்தப் பக்கத்து டவுன் பஸ்களில் அந்த வசதி இல்லை. ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை எழுத வந்தவன் பஸ் படிக்கட்டைப் பற்றி எழுதுகிறானே என்று தோன்றலாம். பயிற்சிக்குப் போக முடிகிறவர்தான் வீரராகிறார். போக முடியாதவர் எவ்வளவு திறமைசாலி என்று யாருக்கும் தெரியவே போவதில்லை.

கம்பெனி மூன்று மாடி. கட்டிங் செக்ஷனும் சாம்பிள் செக்ஷனும் இரண்டாவது மாடியில். பனியன் கம்பெனிகளில் பயணிகள் லிப்ட் அபூர்வம். துணி ரோல் ஏற்றுகிற சரக்கு லிப்ட்தான் உண்டு. இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, இரண்டு துணி ரோல்களுக்குப் பக்கத்தில் தம்பி நாற்காலியைப் பின்னோக்கி ஏற்றினார். லிப்ட் ஓட்டுகிற பையன், "அண்ணா, பிரேக் போட்டுக்கங்க, ஒரு குலுக்கு குலுக்கும்" என்றான். குலுக்கத்தான் செய்தது.

மேலே பேட்டர்ன் மாஸ்டர் காத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் டேப், காதில் பென்சில். முதலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் மாஸ்டருக்கு விஷயம் தெரியும். எல்லாக் கம்பெனிகளிலும் இருக்கிற சாம்பிள் செக்ஷனைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. லட்சம் பீஸ் ஆர்டருக்கும் முதலில் ஒரே ஒரு பீஸைத்தான் தைக்கிறார்கள். வெளிநாட்டு பையர் அதைப் பார்த்து, கை அரை அங்குலம் குறை, கழுத்தைக் கொஞ்சம் இறக்கு என்று திருத்தி அனுப்புவார்; மறுபடி ஒரே பீஸ். ஒற்றை ஆளுக்கு ஒற்றை உடை தைக்கும் கலை இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு மூலையில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்ற பேச்சுக்கு அந்த மூலையில் இடமில்லை.

மாஸ்டர் டேப்பை எடுத்துவிட்டுத் தயங்கினார். முப்பது வருஷமாக நிற்கிறவர்களின் அளவையே எடுத்துப் பழகிய கை. "தம்பி, நீங்க எப்படி ஆடுவீங்களோ அப்படி உக்காந்து காட்டுங்க. அதுக்கப்புறம் டேப் வெக்கறேன்" என்றார். இதைவிடச் சரியான கேள்வியை விளையாட்டு டாக்டர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

எப்படி ஆடுவார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்ட் அதே கோர்ட்: நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 8.23 மீட்டர். வலையின் உயரமும் பந்தும் ராக்கெட்டும் அவையேதான். மாற்றம் ஒன்றே ஒன்று: பந்து இரண்டு முறை தரையில் படலாம். முதல் முறை கோட்டுக்குள் விழ வேண்டும், இரண்டாவது வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். முன்னணி வீரர்கள் ஒரே துள்ளலில் அடிக்கத்தான் பார்க்கிறார்கள், இரண்டாவதுக்குக் காத்திருந்தால் எதிராளிக்கு நேரம் கிடைத்துவிடும். நாற்காலி உடம்பின் பகுதியாகக் கணக்கு. பந்து நாற்காலியில் பட்டால் புள்ளி போய்விடும். அடிக்கும் நேரத்தில் உட்காரும் பாகம் இருக்கையைவிட்டு முழுக்க எழக்கூடாது.

மிகக் கடினமானது எது என்று கேட்டால், நிற்காமல் இருப்பது என்பார்கள் ஆடுகிறவர்கள். நின்ற நாற்காலியைக் கிளப்ப நேரமாகும். அதனால் அடித்த மறுகணமே வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் உருண்டு, மறுபடி வளைந்து வர வேண்டும். கையில் ராக்கெட்டைப் பிடித்தபடியே அதே கையால் சக்கரத்தின் வளையத்தைத் தள்ள வேண்டும். நாற்காலிச் சக்கரங்கள் கீழே அகன்றும் மேலே நெருங்கியும் சாய்ந்திருப்பது சட்டென்று திரும்புவதற்காக. பின்னால் ஒரு சின்னச் சக்கரம், கவிழாமல் தடுக்க. தொடையிலும் பாதத்திலும் பட்டை. தம்பி சாம்பிள் செக்ஷனின் மேசைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் இதை ஆடிக் காட்டினார்: இரண்டு தள்ளல், ஒரு வெட்டுத் திருப்பம், கற்பனைப் பந்துக்கு ஒரு பேக்ஹேண்ட். செக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் பார்த்தது வேறு. "சட்டக் கை டயர்ல ஒரசுதுங்க சார், பாத்தீங்களா? அக்குள்ல இழுக்குது. முன்னாடி குனியறப்போ முதுகு ஏறிக்குது."

இந்த ஆட்டம் பிறந்த கதையிலும் இப்படிப்பட்ட கவனிப்புதான் இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்ற பதினெட்டு வயது இளைஞன் பனிச்சறுக்கில் விழுந்து கால்கள் செயலிழந்தான். மறுவாழ்வு சிகிச்சையின்போது ஜெஃப் மினெபிரேக்கர் என்பவரைச் சந்தித்தான். தனக்கென்று இலகுவான நாற்காலியைத் தானே செய்துகொண்டவர் அவர். இருவரும் டென்னிஸ் ஆடிப் பார்த்தார்கள். எல்லோரும் தூக்கிச் சுமக்கும் ஆஸ்பத்திரி நாற்காலியோடு அவர்கள் நின்றிருந்தால் இந்த விளையாட்டே இருந்திருக்காது. 1988-ல் சியோல் பாராலிம்பிக்கில் காட்சி ஆட்டமாகவும், 1992-ல் பார்சிலோனாவில் பதக்க ஆட்டமாகவும் வந்தது. கைகளிலும் பாதிப்புள்ளவர்களுக்கான 'குவாட்' பிரிவு 2004-ல் ஏதென்ஸில் சேர்ந்தது. நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் ஒற்றையரில் தொடர்ந்து 470 ஆட்டங்களில் தோற்காமல் 2013-ல் ஓய்வு பெற்றார். எந்த விளையாட்டிலும் அப்படி ஒரு கணக்கை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் பெங்களூரின் ஹாரி போனிஃபேஸ் பிரபு. 1972-ல் பிறந்தவர். நான்கு வயதில், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்கும் ஒரு சிகிச்சை தவறிப்போய் கை, கால் நான்கும் பாதிக்கப்பட்டன. வீட்டார் அவரை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்த்தார்கள், சாதாரணப் பள்ளிக்கே அனுப்பினார்கள். குண்டு எறிதல், ஈட்டி, வட்டு என்று பலவற்றில் இறங்கிய பிறகு டென்னிஸுக்கு வந்தார். 1998-ல் உலக சாம்பியன்ஷிப்பில் பதக்கம் வாங்கினார். 2014-ல் பத்மஸ்ரீ. பெங்களூரில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தார்.

இந்த வரிகளைப் படிக்க அரை நிமிஷம் ஆகும். 1998-க்கும் 2014-க்கும் நடுவே பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு குவாட் வீரர் விமானத்தில் ஏறி இறங்கியது எப்படி, அந்நிய ஊரில் நாற்காலியின் ஒரு சக்கரம் கோணிக்கொண்டபோது யார் சரிசெய்தார்கள், ஓட்டல் குளியலறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தபோது என்ன செய்தார், இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது. மன உறுதி, தன்னம்பிக்கை என்று நாம் எழுதிக்கொண்டே இருக்கிறோம். மன உறுதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, நாற்காலி வாங்கிக் கொடுக்க வேண்டியவர்களையும் சாய்தளம் கட்ட வேண்டியவர்களையும் நாம் தப்பிக்க விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு.

தமிழ்நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. பாலச்சந்தர், கார்த்திக் கருணாகரன், மாரியப்பன் துரை ஆகியோர் தேசிய அளவில் ஆடித் தெரிந்த பெயர்கள். கர்நாடகத்தின் சேகர் வீராசாமியும் மதுசூதனும் இவர்களின் நிரந்தரப் போட்டியாளர்கள். பெண்களில் கர்நாடகத்தின் பிரதிமா ராவ், ஷில்பா. பெங்களூரில் நடக்கும் டபேபுயா ஓப்பன்தான் இவர்கள் எல்லோரும் சந்திக்கும் இடம். சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் வாங்கினார். அதே பாரிஸில் பாட்மிண்டனில் துளசிமதி வெள்ளியும் மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வாங்கினார்கள். சக்கர நாற்காலி டென்னிஸ் மட்டும் ஏன் பின்தங்கியது என்று தம்பியைக் கேட்டேன்.

"தாண்டறதுக்குக் குழியும் குச்சியும் போதும்ணா, எங்கெயும் ஆரம்பிச்சுடலாம். எங்களுக்கு முதல்ல நாற்காலி வேணும். தரை வேணும். எதுத்தாப்ல ஆட இன்னொரு ஆள், அவருக்கும் ஒரு நாற்காலி வேணும்."

வெளிநாட்டு டென்னிஸ் நாற்காலி சில லட்சங்கள் ஆகிறது. அதுவும் ஒருவருக்கு அளந்து செய்தது இன்னொருவருக்கு ஒத்துவராது. இடுப்பு அகலத்தில் ஒரு அங்குலம் கூடினால் உடம்பு உள்ளே ஆடும், திருப்பம் தாமதமாகும். தம்பி இப்போது வைத்திருப்பது ஒரு மூத்த வீரர் ஆடிவிட்டுக் கொடுத்தது. பக்கவாட்டில் ஃபோம் வைத்து இறுக்கியிருக்கிறார். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையத்திலிருந்து நியோஃப்ளை என்ற அளவெடுத்த நாற்காலியும், அதை ரோட்டில் ஓட்ட நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பும் வந்தன. 2025-ல் ஒன்பது கிலோ எடையில் ஒய்டி ஒன் வந்தது. இவை அன்றாட வாழ்க்கைக்கான நாற்காலிகள். விளையாட்டுக்கானதும் இங்கேயே வர வேண்டும்.

வராது என்று சொல்ல முடியாது. ஜப்பானின் ஷிங்கோ குனியேடா ஒற்றையரில் மட்டும் 28 கிராண்ட்ஸ்லாம் வென்று 2023-ல் ஓய்வு பெற்றவர். அவர் ஆடிய நாற்காலியைச் செய்தது சிபா நகரின் ஓஎக்ஸ் என்ற நிறுவனம். அதை ஆரம்பித்தவர் மோட்டார்சைக்கிள் உலகிலிருந்து வந்தவர். பைக் விபத்தில் தன் கால்கள் செயலிழந்த பிறகு, தனக்குப் பிடித்த மாதிரி நாற்காலி கடையில் கிடைக்காததால் தானே செய்யத் தொடங்கினார். பம்பு செட்டும் லேத்தும் தொழிலாக வைத்திருக்கிற கோவை, நிட்டிங் மெஷினுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிற திருப்பூர், இரண்டுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. குனியேடாவுக்கு 2009 முதல் உடை கொடுத்தது யூனிக்லோ. உட்கார்ந்து ஆடுகிறவரை ஒரு பெரிய துணிக் கம்பெனி தன் முகமாக வைத்துக்கொண்டது, அப்போது பலருக்குப் புதிது.

இலங்கையில் வேறு வழி. போரில் காலிழந்த ராணுவ வீரர்களைத்தான் அங்கே டென்னிஸுக்குக் கொண்டுவந்தார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் சுரேஷ் தர்மசேன அந்த வரிசையிலிருந்து வந்து ஆடினார். சம்பளம், கோர்ட், பயணச் செலவு எல்லாம் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாக இருந்ததால் ஆட்டம் வளர்ந்தது. போருக்கு மறுபக்கத்தில், வன்னியில் கை கால் இழந்த தமிழ் இளைஞர்களுக்கு அப்படி ஒரு கோர்ட் கிடைத்ததா என்ற கேள்வி, இந்த உதாரணத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

மாஸ்டர் அளவெடுத்து முடித்திருந்தார். இடுப்பை உட்கார்ந்தபடி அளந்தார். நின்று எடுக்கும் அளவைவிட அது கூடும். முன்பக்கத்தில் இடுப்பிலிருந்து கவட்டை வரைக்கும் குறைத்தார், பின்பக்கத்தில் அதையே நன்றாக உயர்த்தினார். நீளத்தை இடுப்பிலிருந்து மடித்த முட்டி வரை பக்கவாட்டில் அளந்தார். பழுப்புக் காகிதத்தில் அவர் கோடு போட்டபோது முன்துண்டும் பின்துண்டும் ஒரே ஆளுக்கானவை என்று நம்ப முடியவில்லை, அவ்வளவு வித்தியாசம். உட்காரும் இடத்தில் நடுத்தையலே வராதபடி பின்பக்கத்தை ஒரே துண்டாக வைத்து, தையலைத் தொடையின் முன்பக்கத்துக்குத் தள்ளினார். பின்பாக்கெட் இல்லை. இடுப்பு லேபிள் இல்லை, அச்சடித்துவிடலாம். நாடாவுக்கு வைக்கும் இரும்பு ஐலெட் வேண்டாம். மீதித் தையல் எல்லாம் பேட்லாக், விரலால் தடவினால் மேடு தெரியக் கூடாது.

துணி எது என்பதில்தான் பேச்சு நீண்டது. மாஸ்டர் வியர்வையை இழுத்து உடனே காயும் பாலியஸ்டரை எடுத்து வைத்தார். விளையாட்டு உடை என்றால் இப்போது அதுதான். தம்பி தலையாட்டினார். தனக்கு அது சரி. தன்னோடு ஆடும் குவாட் நண்பருக்குச் சரிவராது என்றார். கழுத்து மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே உடம்பு சரியாக வியர்ப்பதில்லை. வெயிலில் ஆடும்போது உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியேற வழியில்லை. அதனால்தான் அவர்கள் இடைவேளையில் தண்ணீரை முகத்திலும் மார்பிலும் பீய்ச்சிக்கொள்வதும், கழுத்தில் ஐஸ் வைத்துக்கொள்வதும்.

வியர்க்காதவருக்கு வியர்வையை இழுக்கிற துணி எதற்கு? மாஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஒரு பருத்தி இன்டர்லாக் துண்டை எடுத்து, குடிக்கிற பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே பிடித்தார். "இது தண்ணியப் புடிச்சு வெக்கும். காத்துப் பட்டா சில்லுனு இருக்கும். அவருக்கு நெஞ்சுல இது, முதுகுக்கும் சீட்டுக்கும் ஈரம் நிக்காத துணி. ரெண்டையும் சேத்துத் தெச்சா ஆச்சுங்க." பழைய ஃபிட்டர் உடனே உள்ளே புகுந்தார். 24 கேஜா, எந்த நூல், லைக்ரா எவ்வளவு என்று இருவரும் பேசத் தொடங்கியதும் என்னை மறந்துவிட்டார்கள். அந்த அரைமணி நேரம் தம்பி நோயாளியுமில்லை, உத்வேகம் தரும் கதையுமில்லை. துணி தெரிந்த ஒரு தொழிலாளி.

இப்படி நாற்காலியிலிருந்தே தொழிலில் இறங்கியவர்கள் இங்கே முன்பும் உண்டு. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்துக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது அவரால். ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது அவரும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சிகிச்சை, பள்ளி, வேலை என்று நம் மண்ணில் நாற்காலிக்காரர்கள் தாங்களே போட்ட பாதை இருக்கிறது. விளையாட்டு அதில் கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறது. தொழில் அதில் சேர வேண்டிய நேரம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் எப்படிக் கலங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தைக்கும் டீ-ஷர்ட்டை எல்லோரோடும் போட்டியிட்டு விற்கும் ஊர், யாரும் சரியாகத் தைக்காத ஒன்றைத் தைக்கக் கற்றுக்கொண்டால் நஷ்டமில்லை. டாமி ஹில்ஃபிகர் போன்ற பெரிய பிராண்டு 2016-லேயே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான உடையை விற்க ஆரம்பித்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பீஸ் வந்தது. தம்பி சாம்பிள் செக்ஷனின் பின்னறையில் போட்டுக்கொண்டு வந்தார். பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி வழி செய்திருந்தார்கள். சிமெண்ட் தரை, நல்ல வழவழப்பு. இரண்டு முறை வேகமாகத் தள்ளித் திரும்பினார். முன்பக்கம் குவியவில்லை. குனிந்தபோது முதுகு மூடியே இருந்தது. இடது காலின் விளிம்பு மட்டும் தொடைப் பட்டையில் மாட்டியது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் குறித்தார். சக்கரத்தின் கருப்பு சட்டைக் கையின் உட்புறத்தில் கோடாகப் பதிந்திருந்தது. அங்கே அடர்நிறத் துணி வைத்துவிடலாம், கையை ராக்லான் வெட்டில் போட்டால் அக்குளும் இழுக்காது என்று அவராகவே சொன்னார்.

"இதப் போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, வீட்டுல யாரையாச்சும் தோலப் பாக்கச் சொல்லுங்க தம்பி. செவப்பு இருந்தா எடத்தக் குறிச்சு அனுப்புங்க, மாத்திடலாம்."

தம்பி கண்ணாடி இருக்கிறது, தானே பார்த்துக்கொள்வேன் என்றார். தினமும் காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடியில் தன் தோலைப் பார்ப்பது அவருடைய பயிற்சியில் சேர்த்தி, சர்வீஸ் பழகுவது போலவே.

பிறகு ஆர்டர் பேசினார். தன்னோடு ஆடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தைக்க முடியுமா என்றார். ஆளுக்கு ஒரு அளவு, ஆளுக்கு ஒரு பேட்டர்ன். கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா என்று நான் கேட்டேன். மாஸ்டர் முதலாளியிடம் பேச வேண்டும் என்றார். நாலைந்து அடிப்படைப் பேட்டர்ன் போட்டு வைத்துக்கொண்டால், அதிலிருந்து கூட்டிக் குறைத்துவிடலாம், ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் போட வேண்டியதில்லை என்றும் கணக்குச் சொன்னார். அளவை எப்படி எடுத்து அனுப்புவது என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் நாற்காலியின் இருக்கை அகலம். அப்புறம் உட்கார்ந்த இடுப்பு. அப்புறம் முதுகுப் பட்டை எந்த உயரத்தில் முடிகிறது. எந்தக் கை ராக்கெட் கை. எங்கே பட்டை கட்டுகிறார்கள். ஏற்கெனவே புண் வந்த தழும்பு இருந்தால் அது எந்த இடம். தம்பி போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

"ரெண்டு பொண்ணுங்களும் ஆடறாங்க மாஸ்டர்."

"அவங்களுக்கு வேற பேட்டர்ன்தாங்க போடணும், போன்ல அளவு சொன்னா ஆகாது. நேர்ல வரச் சொல்லுங்க. சாம்பிள்ல டெய்லர் அக்கா இருக்காங்க, அவங்க எடுப்பாங்க. திங்கக்கெழம வேண்டாம், துணி ஏத்தற நாளு, லிப்டு சும்மா இருக்காது. மத்த நாள்ல எப்ப வேணும்னாலும் வரட்டும்."